வாசகர் கேள்வி–பதில்: ஈக்குள் மடிந்திருக்கும் சிறகைக் கிழியாமல் எடுப்பது எப்படி?

போன இதழில், பழ ஈயின் புழுவுக்குள்ளேயே (குடம்பி என்பது அதைத்தான்) அதன் சிறகு ஒரு சின்னத் தட்டாக மடிந்து கிடக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவேயில்லை. கண்டிப் பக்கம் ஓர் ஆய்கூடத்தில் பத்து வருடத்துக்கு மேல் ஈ வளர்த்து, ஈ வெட்டி, கனவிலும் ஈயைக் கண்டவன் நான். அதனால் இந்தத் தடவை முழுக்க ஈதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் நோர்வூட் பக்கம் தோட்டத்துப் பிள்ளை. இப்போது பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். பழ ஈக் குடம்பியிலிருந்து சிறகுத் தட்டை எடுத்துச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும், அதுதான் என் ஆய்வு. குடம்பியைக் கிழித்ததும் தட்டுகளைத் தனித்தனியாகப் பொறுக்கி டியூபில் போட்டுத்தான் போமல்டிகைட்டு (இழையம் சிதையாமல் நிலைநிறுத்துகிற திரவம்) ஊற்றுகிறேன். இருபது குடம்பி வெட்டினால் கடைசியில் ஸ்லைடில் இரண்டு தட்டு மிஞ்சும், அதிலும் ஒன்று கிழிந்திருக்கும். எங்கே பிழை விடுகிறேன்?

தங்கச்சி, ஒரு குடம்பிக்கு இரண்டு சிறகுத் தட்டு. அப்படியென்றால் உங்களுக்கு நாற்பதில் இரண்டு. கவலைப்படாதீர்கள், என் முதல் வாரத்தில் எனக்கு அந்த இரண்டுகூடக் கிடைக்கவில்லை.

பிழை எங்கே என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "தனித்தனியாகப் பொறுக்கி". அந்தத் தட்டு எவ்வளவு பெரியது என்று நினைக்கிறீர்கள்? நன்றாக வளர்ந்த மூன்றாம் பருவக் குடம்பியில்கூட அரை மில்லிமீற்றர் தேறாது, அதற்குள் ஏறத்தாழ 50,000 கலங்கள், எல்லாம் ஓர் அடுக்காக, பை மாதிரி மடிந்து கிடக்கும். அதைச் சாவணத்தால் கவ்வினால் கவ்விய இடத்தில் கலம் நசுங்கத்தான் செய்யும். கொழுந்து எடுக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீங்கள், உங்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? கையில் அளவுக்கு மீறிப் பிடித்து இறுக்கினால் தொழிற்சாலைக்குப் போவதற்குள்ளேயே இலை சிவந்துவிடும் அல்லவா, அதே கதைதான் இதுவும்.

ஆகவே கடைசி நிமிடம் வரைக்கும் தட்டைத் தொடவே தொடாதீர்கள். அது எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதைப் பிடியுங்கள். உணவை விட்டுப் போத்தல் சுவரில் ஏறி அலைகிற குடம்பியாகப் பார்த்து எடுங்கள், 25 பாகையில் வளர்த்தால் முட்டையிட்டு ஐந்தாம் நாள் அளவில் அப்படி ஏறும். உணவுப் பசை போகக் கழுவி, குளிர்ந்த பி.பி.எஸ். (பொசுபேற்று கலந்த உப்புநீர்) துளிக்குள் போடுங்கள். ஒரு சாவணத்தால் உடம்பின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு மற்றதால் பின்பாதியைக் கிழித்து எறியுங்கள், அதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை. முன்பாதியில், நுனியில், கறுப்பாக இரண்டு வாய்க்கொக்கி தெரியும். சாவண நுனியால் அந்தக் கொக்கியை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே, மற்றச் சாவணத்தால் தோலை அதன்மேல் உருட்டி இறக்குங்கள். நனைந்த சட்டையின் கையை உள்வெளியாகப் புரட்டுவோமே, அப்படி. சரியாகப் புரண்டால் தோல் உள்ளே போய், மூளை, கால் தட்டு, சிறகுத் தட்டு எல்லாம் வெளியே தொங்கும், எல்லாமே தோலோடும் மூச்சுக்குழாயோடும் ஒட்டியபடி.

வெள்ளையாகக் கட்டிகட்டியாக இருக்கிற கொழுப்பையும் குடலையும் மட்டும் மெதுவாக இழுத்து விடுங்கள். கொழுப்பை விட்டுவைத்தால் சாயம் சரியாக உள்ளே போகாது, படத்திலும் பின்னணி புகை மூட்டமாக வரும். அதற்காகக் கடைசித் துணுக்கு வரை சுரண்டப் போய்த் தட்டையும் சேர்த்துப் பிய்த்தவர்களையும் கண்டிருக்கிறேன் (நானும்தான்). தொண்ணூறு வீதம் போனால் போதும், விட்டுவிடுங்கள்.

புரட்டியதை ஐஸ் மேல் உள்ள டியூபில் சேருங்கள். ஆனால் இருபதும் முடியட்டும் என்று ஒரு மணித்தியாலம் காத்திருக்காதீர்கள், உயிர் போன இழையம் உப்புநீரில் கிடந்தால் தானாகவே சிதையத் தொடங்கும். இருபது நிமிடத்தில் எத்தனை முடிகிறதோ, ஐந்தோ ஆறோ, அத்தனையை 4 வீதப் போமல்டிகைட்டில் இருபது நிமிடம் வைத்து எடுங்கள். பிறகு அடுத்த தொகுதி. போமல்டிகைட்டில் கூடுதலாகக் கிடந்தால் நல்லதுதானே என்று இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள், பிறபொருளெதிரி (நாம் தேடுகிற புரதத்தில் போய் ஒட்டுவது) பிடிக்கவேண்டிய இடங்கள் மூடிப்போகும். பழைய போத்தலில் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதை நம்பவும் வேண்டாம். கையுறை போட்டுப் புகைக்கூண்டுக்குள் வைத்துத்தான் ஊற்ற வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் என் பழைய மேற்பார்வையாளர் கனவில் வந்து திட்டுவார்.

அப்புறம் கழுவுதல். உங்கள் தட்டுகளில் பாதி இங்கேதான் காணாமல் போயிருக்கும். வெறும் பிளாஸ்டிக் நுனியில் இழையம் ஒட்டிக்கொள்ளும், பார்த்தாலும் தெரியாது. 0.1 வீதம் ட்ரைட்டன் (சவர்க்காரம் மாதிரி ஒன்று) சேர்த்த பி.பி.எஸ்.ஸை முதலில் ஒரு தடவை உறிஞ்சி விட்டுவிட்டுப் பிறகு அதே நுனியைப் பாவியுங்கள். புரட்டிய உடம்பை உறிஞ்ச வேண்டியிருந்தால் நுனியைக் கத்தரித்து அகலமாக்கிக்கொள்ளுங்கள். டியூபை மெசினில் சுற்றாதீர்கள், நிமிர்த்தி வைத்தால் இரண்டு நிமிடத்தில் தானாக அடியில் இறங்கும். மேல் நீரை எடுக்கும்போது அடியில் ஒரு 100 மைக்ரோலீற்றர் எப்போதும் மிஞ்சட்டும், கடைசித் துளி வரை உறிஞ்சுகிற சிக்கனம் இங்கே உதவாது. முதல் பிறபொருளெதிரி இரவு முழுக்க 4 பாகையில், முதலாவதில் ஒட்டி ஒளிர்கிற இரண்டாவது அறை வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலம், இருட்டில்.

எல்லாம் முடிந்து, ஸ்லைடில் கிளிசரோல் துளிக்குள் உடம்பை வைத்த பிறகுதான் தட்டைப் பிரிக்க வேண்டும். அப்போதும் தட்டைப் பிடிக்காமல் பக்கத்தில் வெள்ளிக் கம்பி மாதிரி ஓடுகிற மூச்சுக்குழாயைப் பிடித்து இழுங்கள், தட்டு பின்னாலேயே வரும். சிறகுத் தட்டோடு ஒட்டிக்கொண்டு இன்னும் இரண்டு சின்னத் தட்டு வரும்: ஒன்று மூன்றாம் காலுடையது, மற்றது சிறகுக்குப் பின்னால் குமிழ் மாதிரி இருக்கிற சமநிலை உறுப்புடையது. பேரிக்காய் வடிவில் பெரிதாக இருப்பதுதான் உங்களுடையது. கவர்ஸ்லிப்பை நேரே மேலே வைத்தால் தட்டு அப்பளமாகிவிடும், இரண்டு பக்கமும் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டி அதன்மேல் வையுங்கள். விளிம்பை நெயில் பொலிஷால் அடைத்தால் போதும்.

சாவணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5ஆம் இலக்கம், நுனி இரண்டும் சரியாகப் பொருந்துகிறதா என்று தினமும் நுணுக்குக்காட்டிக்குக் கீழே பாருங்கள். நான் சேர்ந்த மூன்றாம் நாள் புதிய சாவணத்தைக் கீழே போட்டுவிட்டேன், நுனி விழுந்து கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சாணைக்கல்லையும் அந்தச் சாவணத்தையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நேராக்க எனக்கு இரண்டு நாள் போனது. அதற்குப் பிறகு நான் ஒன்றையும் கீழே போட்டதில்லை.

கேள்வி: என் மகள் கம்பஸில் ஈயை வெட்டுகிறாளாம். கொழுந்துக் கூடை சுமந்து படிக்க வைத்தது இதற்குத்தானா? டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் மனிதரைப் பற்றிப் படிக்க, இவள் ஏன் ஈயைப் பற்றிப் படிக்க வேண்டும்? (ஒரு தந்தை, மஸ்கெலியா)

ஐயா, கோபம் நியாயம்தான். என் அம்மாவும் இதே கேள்வியைக் கேட்டார், அதுவும் சாப்பாட்டு நேரத்தில்.

உங்கள் மகள் பார்க்கிற ஈக்கும் உங்களுக்கும் எனக்கும் உள்ள சொந்தம் நினைப்பதைவிட நெருக்கம். மனிதனில் நோயோடு தொடர்புள்ள பரம்பரையலகுகளில் ஏறத்தாழ முக்கால்வாசிக்கு ஈயிலும் ஒத்த ஒன்று உண்டு. ஒரு கலம் எப்படித் தன் இடத்தை அறிந்து காலாகவோ சிறகாகவோ ஆகிறது, எந்தக் கட்டத்தில் வளர்ச்சியை நிறுத்துகிறது, நிறுத்த மறந்தால் எப்படிக் கட்டியாகிறது என்பதையெல்லாம் மனிதக் கருவில் வெட்டிப் பார்க்க முடியாது, ஈயில் பார்க்கலாம். பத்தே நாளில் முட்டையிலிருந்து முழு ஈ வந்துவிடும், ஒரு போத்தலில் நூற்றுக்கணக்கில் வளரும், செலவு சோளமாவும் சீனியும்தான்.

சமநிலை உறுப்பு என்று மேலே ஒன்றைச் சொன்னேன் அல்லவா. அமெரிக்காவின் எட்வேர்ட் லூயிஸ் ஒரு பரம்பரையலகுத் தொகுதியை வருடக்கணக்கில் தோண்டினார். அதில் சில மாற்றங்கள் ஒன்றுசேர்ந்தால் அந்தக் குமிழ் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு சோடி சிறகு முளைத்து, இரண்டு சிறகு ஈ நான்கு சிறகு ஈயாக நின்றது. அதே குடும்பத்துப் பரம்பரையலகுகள்தான் நம் முதுகெலும்பில் எந்த இடத்தில் விலா வரவேண்டும் என்பதிலும் கைவைக்கின்றன. ஜெர்மனியில் கிறிஸ்தியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஈ முளையங்களை ஆயிரக்கணக்கில் பார்த்து, உடம்பைக் கண்டம் கண்டமாகப் பிரிக்கிற பரம்பரையலகுகளைக் கண்டு 1980இல் வெளியிட்டார்கள். மூவருக்கும் 1995இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. பார்த்தீர்களா, மருத்துவத்துக்கு. ஈயை வெட்டித்தான்.

அதனால் மகள் வீட்டுக்கு வந்தால் கையைக் கழுவினாயா என்று மட்டும் கேளுங்கள் ஐயா, மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

கேள்வி: நுவரெலியாப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். பழ ஈ வளர்க்க முயன்றால் மூன்று கிழமையாகியும் கூட்டுப்புழுகூட வரவில்லை. எங்களிடம் இருப்பது சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி மட்டும். பிள்ளைகளுக்கு ஏதாவது காட்ட முடியுமா, அல்லது படத்தோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?

டீச்சர், நிறுத்தவே வேண்டாம். உங்களுடைய குளிர் கொழும்பில் இருக்கிற ஆய்கூடங்கள் காசு கொடுத்து வாங்குகிற சாமான்!

ஈ தாமதிப்பதற்குக் காரணம் எளிது. 25 பாகையில் பத்து நாளில் முடிகிற வளர்ச்சி 18 பாகையில் ஏறத்தாழ இரட்டிப்பு நாள் எடுக்கும், 12 பாகைக்குக் கீழே போனால் அநேகமாக நின்றேவிடும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில், தை மாத இரவில் உங்கள் ஆய்கூட அலுமாரிக்குள் என்ன குளிர் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மீன் வருகிற ரெஜிபோம் பெட்டி ஒன்றை எடுத்துக் கழுவி, மூடியில் துளை போட்டு, உள்ளே பழைய மாதிரி சூடாகிற சின்ன மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிடுங்கள் (எல்.ஈ.டி. சூடு தராது). ஒரு வெப்பமானி, ஒரு கோப்பை தண்ணீர். போத்தல் குமிழுக்கு மிகப் பக்கத்தில் வேண்டாம்.

ஆனால் 25க்கு ஏற்றாதீர்கள், 18இலேயே நிறுத்துங்கள். மெதுவாக, நெரிசல் இல்லாமல், ஈஸ்ட் கூடுதலாகத் தின்று வளர்ந்த குடம்பி கொழுத்துத் தடித்திருக்கும், அதன் உமிழ்நீர்ச் சுரப்பியும் பெரிதாக இருக்கும். அந்தச் சுரப்பிக்குள்தான் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியது இருக்கிறது: சாதாரண நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் பட்டைபட்டையாகத் தெரியும் பூத நிறமூர்த்தங்கள். கலம் பிரியாமலே டி.என்.ஏ. மட்டும் திரும்பத் திரும்ப இரட்டித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள் பக்கம் பக்கமாக ஒட்டிக் கிடப்பதால் வருகிற பருமன் அது. பல்பியானி என்ற பிரெஞ்சுக்காரர் 1881இலேயே வேறொரு பூச்சியின் குடம்பியில் இதைக் கண்டுவிட்டார். பழ ஈயில் இதை வைத்துப் பரம்பரையலகு எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம் என 1933இல் காட்டியவர் பெயின்ரர்.

வெட்டுவது சிறகுத் தட்டைவிட எளிது, சாவணம் இல்லாவிட்டால் குச்சியில் கட்டிய இரண்டு ஊசி போதும். 0.7 வீத உப்புநீர்த் துளியில் குடம்பியை வைத்து, ஓர் ஊசியால் உடம்பை அமர்த்தி, மற்ற ஊசியை வாய்க்கொக்கிக்குப் பின்னால் குத்தி ஒரே இழுவையாக இழுங்கள். தலையோடு குடலும், குடலோடு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் இரண்டு நீண்ட பைகளும் வரும். பையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கொழுப்புப் பட்டி ஓடும், அதைப் பார்த்தால் இதுதான் சுரப்பி என்று உறுதி. முதல் தடவை பாதிப்பேர் குடலைத்தான் சுரப்பி என்று காட்டுவார்கள், திட்டாதீர்கள்.

சுரப்பியைக் காயவிடாமல் 45 வீத அசற்றிக் அமிலத்தில் சில விநாடி தோய்த்து, அசற்றோ-ஓர்சீன் சாயத் துளியில் பத்து நிமிடம் வையுங்கள். அமிலத்தைத் தண்ணீருக்குள் ஊற்றித்தான் ஐதாக்க வேண்டும், யன்னல் திறந்திருக்கட்டும். கவர்ஸ்லிப் போட்டுப் பென்சில் பின்பக்கத்தால் மெல்லத் தட்டிவிட்டு, வடிதாளுக்குள் வைத்துப் பெருவிரலால் நேர் கீழாக ஒரே அழுத்து. விரல் பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் நிறமூர்த்தம் நூல்பந்தாகச் சுருண்டுவிடும். சரியாக வந்தால் ஒரு மையத்திலிருந்து ஐந்து நீண்ட கையும் ஒரு குட்டிக் கையும் விரியும். ஆங்காங்கே பட்டை ஊதிப் பருத்திருக்கும். அது அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிற பரம்பரையலகு, கூட்டுப்புழுவாகும் நேரம் நெருங்கும்போது அந்த ஊதல்கள் இடம் மாறும். வளர்ச்சியைக் கண்ணால் காட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

இன்னொன்று, உணவு காய்ச்சும்போது கடற்பாசி சரியாகக் கரையவில்லை என்று கடித ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். உங்கள் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் கொதி வந்ததும் இறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் கிண்டிக்கொண்டே இருங்கள், கரையும்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கொய்யாப் பழத்தில் புழு வைக்கிற பழ ஈயும் இதுதானா? (பதுளை)

இல்லை. அது கொய்யா, மா போன்றவை மரத்தில் இருக்கும்போதே தோலைத் துளைத்து முட்டையிடுகிற, வீட்டு ஈ அளவான வேறு குடும்பத்து ஈ. நாங்கள் வெட்டுவது குசினியில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிக் கொசு மாதிரிப் பறக்கிற, சிவந்த கண்ணுள்ள பொடியன். பெயர் ஒன்றாகிப் போனதால் வந்த குழப்பம். இவனால் கொய்யாவுக்கு ஆபத்தில்லை.

கேள்வி: ஈ முட்டைக்குள் இருக்கும் முளையத்துக்குச் சாயமேற்றப் பார்க்கிறேன், மூன்று தடவையும் சாயம் உள்ளே போகவேயில்லை. போமல்டிகைட்டில் இரண்டு மணித்தியாலம்கூட வைத்துப் பார்த்துவிட்டேன். (ஆய்வு மாணவர், கண்டி)

தம்பி, இரண்டு நாள் வைத்தாலும் போகாது. முட்டைக்கு இரண்டு சட்டை இருக்கிறது. வெளிச்சட்டையைக் கழற்ற, துணி வெளுக்கிற பிளீச்சைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து இரண்டு மூன்று நிமிடம். முட்டை நுனியில் கொம்பு மாதிரி இரண்டு இருக்குமே, அவை கரைந்து மறைவதைப் பார்த்து நிறுத்திவிட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

உள்சட்டை பிடிவாதக்காரன், தண்ணீரில் கரைந்த எதையும் விடமாட்டான். அதனால் ஹெப்டேனையும் 4 வீதப் போமல்டிகைட்டையும் சம அளவில் ஒரு சின்னப் போத்தலில் எடுத்து, முட்டையைப் போட்டு இருபது நிமிடம் குலுக்க வேண்டும். இரண்டும் கலக்காது, எண்ணெயும் தண்ணீரும் மாதிரி பிரிந்து நிற்கும், முட்டை இரண்டுக்கும் நடுவே வரிசையாக மிதக்கும். பிறகு கீழ்ப்பகுதியை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு மெதனோல் ஊற்றி அரை நிமிடம் கை வலிக்கக் குலுக்குங்கள். உள்சட்டை வெடித்துக் கழன்ற முளையம் அடிக்கு மூழ்கும், கழலாதது நடுவிலேயே நிற்கும். மூழ்கியதை மட்டும் எடுங்கள். நடுவில் நிற்கிறதே என்று இரக்கப்பட்டு அதையும் சேர்த்தால் உங்கள் பழைய கதைதான். கலத்துக்குள் இருக்கும் அக்டின் என்ற புரத இழைகளைப் பார்க்க, அவற்றில் ஒட்டுகிற ஃபலோய்டின் போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் இந்த மெதனோல் வழி சரிவராது, அதற்கு உள்சட்டையைக் கையால்தான் உரிக்க வேண்டும். உட்காருங்கள், அரை நாள் வேலை.

கேள்வி: வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஆய்கூட உதவியாளராக இருக்கிறேன். இப்போதுதான் ஈ வெட்டப் பழகச் சொல்கிறார்கள். நுணுக்குக்காட்டிக்குக் கீழே என் கை நடுங்குவது பூகம்பம் மாதிரித் தெரிகிறது. முடியுமா?

முடியும் அண்ணே. இருபது வயதுப் பையனின் கையும் அங்கே அப்படித்தான் தெரியும், பெருப்பித்துக் காட்டுவது குடம்பியை மட்டுமல்ல. முழங்கை இரண்டும் மேசையில், மணிக்கட்டு தட்டின் ஓரத்தில், சுண்டுவிரல் மேடையைத் தொட்டபடி. கதிரையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், குனிந்து வெட்டினால் தோள் இறுகும், தோள் இறுகினால் கை ஆடும். இழுக்கிற அந்த ஒரு விநாடி மட்டும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இழுங்கள். முதல் கிழமை சாயம் எதுவும் வேண்டாம், நாளுக்குப் பத்துக் குடம்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிற கடும் பிளேன்டீயை மட்டும் வெட்டி முடித்த பிறகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.